குறை சொல்லிப்போட்டுப் போங்க

இரங்கல் கூட்டத்தில் இறந்தவரையே குறை சொன்னவள் என்று இந்த ஊர் இலக்கிய வட்டாரத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், மாலை போட்ட படத்திலிருந்து அவரே இறங்கி வந்து என் காதைத் திருகியிருப்பார்.

அவர் ஹங்கேரி நாட்டுக்காரர். கிணத்துக்கடவு மருமகள். தமிழில் எழுதியவர். ஊர் இந்த மூன்றையும் இந்த வரிசையில்தான் சொல்லும். அவருக்கு இந்த வரிசையே ஆகாது. "எழுதறவள்னு மொதல்ல சொல்லுங்க. மிச்சமெல்லாம் அப்பறம் சொல்லிக்கலாம்" என்பார். அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "அட, அந்த வெள்ளைக்காரம்மாவா!" என்று பாதியிலேயே தெரிந்துகொண்டுவிடுவீர்கள். முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

அவரை நான் முதலில் பார்த்தது நகரத்தில் ஒரு நூலகத்தின் மாடியில். அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்புக்கு அறிமுகக் கூட்டம். புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டுப் போயிருந்தேன். மேடையில் முதலில் பேசியவர், "வெள்ளைக்காரங்களே நம்ம பாஷையில எழுதறாங்க. நம்ம பசங்க என்னடான்னா மம்மி டாடிங்குதுங்க" என்றார். கைதட்டல். அடுத்தவரும் அதையே கொஞ்சம் இழுத்துச் சொன்னார். மூன்றாமவர் ஒரு படி மேலே போய், "அம்மணி, எங்க, ஒருக்கா வாழைப்பழம் சொல்லுங்க" என்று ஒலிவாங்கியை நீட்டினார். பிறகு தலைவர் பொன்னாடை போர்த்தினார். கதைகளின் பெயர்களை மட்டும் ஒருவர் வரிசையாக வாசித்தார். கதைகளைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அவர் எழுந்தார். பொன்னாடையை நிதானமாக மடித்து நாற்காலியின் முதுகில் போட்டார்.

"நல்ல சால்வைங்க. ஆனா எனக்குக் குளுருதுன்னு நான் சொல்லவே இல்லீங்களே" என்றார். அச்சு அசல் கிணத்துக்கடவுப் பேச்சு. கூட்டம் சிரித்தது. "சரி, கதையப் படிச்சவிய கையத் தூக்குங்க."

நான் தூக்கினேன். எனக்கு முன்வரிசையில் ஒரு பெண் தூக்கினார். அவ்வளவுதான். தலைவர் மேசை விரிப்பை ஆராயத் தொடங்கினார்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"என்ன குறை?"

"குறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்லா இருந்துச்சுங்க." நான் கோபிசெட்டிபாளையத்துக்காரி. எங்கள் வாயில் அது தானாகவே வந்துவிடும்.

"பொய்யி. மூணாவது கதை பேரு வாசிச்சப்ப மூஞ்சியச் சுளிச்சீங்க. மேடையில இருந்து பாத்துட்டேன். சொல்லிப்போட்டுப் போங்க."

"அது வந்துங்க... அந்தப் பொம்பள வாசல்ல நின்னு அழுகறாளுங்க. எங்க பக்கம் அப்பிடி அழுகமாட்டாங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டறேன்னு கட்டுத்தறிக்குப் போயி அழுதுபோட்டு, மூஞ்சியக் கழுவிட்டு வந்து சோறாக்குவாங்க."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! பொன்னாடைக்கு அதில் கால்வாசிகூட மலரவில்லை. நான் சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன், அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று சொன்னதும், "இத்தன வருசமா எங்க கண்ணு இருந்தீங்க?" என்று என்னை அப்படியே பேக்கரிக்கு இழுத்துக்கொண்டு போனார். கோவையில் உருப்படியான பேச்செல்லாம் பேக்கரியில்தான் நடக்கும். தேங்காய் பன்னும் டீயுமாக அன்றைக்குத் தொகுப்பு முழுவதையும் பிரித்து மேய்ந்தோம். முன்வரிசையில் கை தூக்கிய பெண்ணும் கூட வந்திருந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கவிதை எழுதுகிறவர்.

அதன்பிறகு சனிக்கிழமை சாயங்காலமானால் அந்த பேக்கரியின் மூலை மேசை எங்களுடையது. 'வந்தேறிகள் மேசை' என்று பெயர் வைத்தவர் அவர்தான். கோபியிலிருந்து சரவணம்பட்டிக்கு வந்த நானும் வந்தேறிதானாம். யாழ்ப்பாணத்து அக்கா முதலில் அந்தப் பெயருக்கு முகம் சுளித்தார். "மற்றவை சொல்லுறதுக்கு முன்னம் நாங்களே சொல்லிப்போடுவம், அப்பிடியே?" என்று கேட்டுவிட்டு, அவரும் ஒத்துக்கொண்டார்.

அவர்கள் இருவருக்கும் ஒரே வியாதி, இரண்டு விதமாக. ஒருமுறை ஒரு தொகுப்பு நூலுக்கு இருவரிடமும் எழுத்துக் கேட்டார்கள். இவரிடம் 'தமிழ் மீது எனக்குக் காதல் வந்த கதை'. யாழ்ப்பாணத்து அக்காவிடம் போர். இவர் மாமியாருக்குப் பித்தப்பையில் கல் வந்த கதையை எழுதி அனுப்பினார். அவர் சரவணம்பட்டியில் தண்ணீர் லாரி வரும் நாளில் வீட்டுக்கார அம்மா போடும் சட்டதிட்டங்களை எழுதி அனுப்பினார். இரண்டும் இரண்டே நாளில் திரும்பி வந்தன.

"எனக்குப் பொன்னாடை, இவளுக்குக் கண்ணீரு. எங்க கதைக்கு மட்டும் ஒண்ணுங் கெடையாது" என்று இவர் மேசையைத் தட்டினார்.

"கண்ணீர் வேணுமெண்டு ஆரிட்டக் கேட்டனான்?" என்றார் யாழ்ப்பாணத்து அக்கா. "அந்தத் தண்ணி லொறியும் என்ர வாழ்க்கைதானே."

திரும்பி வந்த அந்த இரண்டையும், இன்னும் சிலவற்றையும் சேர்த்து அவர்களே அச்சடித்தார்கள். பேக்கரி கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தே விற்றுத் தீர்த்தார்கள். பன் வாங்க வந்தவர்கள் வாங்கிப் போய் மறுவாரம் வந்து, "அந்த ஊட்டுக்காரம்மா எங்க தெருதானுங்களே?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்து அவர் மிகவும் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை.

ஹங்கேரிய மொழியிலும் அவர் எழுதியிருக்கிறார். கிணத்துக்கடவிலிருந்து அங்கே இயந்திரப் பொறியியல் படிக்கப் போன ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த புதிதில், ஊருக்கு எழுதி அனுப்பினாராம். அங்கிருந்த பதிப்பாளர் யானை எங்கே, சாமியார் எங்கே என்று கேட்டாராம். "எங்க தோப்புல காக்காயும் மரமேறியுந்தான் இருக்குது. யானைக்கு நான் எங்க போவேன்?" என்று எழுதிவிட்டு, அந்தப் பக்கம் கடையை மூடினார். தமிழுக்கு வந்தார். இங்கே என்னடாவென்றால் அவரையே யானையாக்கிவிட்டார்கள். அதுதான் அவருக்கு ஆத்திரம். எனக்கும்தான்.

ஸ்பூன் கதையையும் சொல்லியாக வேண்டும். எந்தக் கல்யாணப் பந்தியில் அவர் உட்கார்ந்தாலும், எங்கிருந்தோ ஒருவர் ஓடிவந்து இலைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பூனை வைப்பார். இவர் கையால் ரசத்தை வழித்துக் குடித்துக்கொண்டிருக்கும்போதே வைப்பார். "மகராசனா இருங்க, ஆனா இத எடுத்துட்டுப் போங்க" என்று திருப்பிக் கொடுப்பார். முப்பது வருஷம் கழித்தும் ஸ்பூன் வந்துகொண்டுதான் இருந்தது. எங்கள் ஆட்களின் மரியாதை அப்படி. விருந்தாளியைக் கீழே விடமாட்டார்கள், உள்ளேயும் விடமாட்டார்கள்.

அதனால்தான் அந்த 'குறை சொல்லிப்போட்டுப் போங்க'. யார் வீட்டுக்கு வந்து சாப்பிட்டாலும் வாசலில் நின்று இதைச் சொல்லித்தான் வழியனுப்புவார். ஒருவரும் சொன்னதில்லை. ஒருநாள் வேண்டுமென்றே ரசத்தில் உப்பே போடாமல் வைத்துவிட்டார். வந்திருந்த உறவுக்காரர்கள் அத்தனை பேரும் "அருமைங்க" என்று குடித்தார்கள். ஒரு பெரியவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார். அவருடைய நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, மட்டும் மெதுவாக எழுந்து சமையலறைக்குப் போய், யாரும் பார்க்காதபோது பாத்திரத்தில் உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார். அவரும் குறை சொல்லவில்லை. இவர் மட்டும் அதைப் பார்த்திருந்தார்.

அந்த நாத்தனாரைப் பற்றிப் பேசாமல் இவரைப் பற்றிப் பேச முடியாது. இவருக்குத் தமிழ் வந்தது அவரிடமிருந்து. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் 'நங்கையா' என்று கூப்பிடுவோம். "நங்கையா, இது ஆட்டுக்கல்லு. நங்கையா, இது சாணி" என்று வீட்டையும் தோப்பையும் சுற்றிக் காட்டிக் காட்டிச் சொல்லிக் கொடுத்தாராம். இவருக்கு உலகத்திலேயே பிடித்த பட்டம் அந்த நங்கையாதான். எந்த விருதுக் குழு கொடுத்ததும் அல்ல அது.

அப்புறம் நாவல் வந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தங்கைக்கு இணைச்சீர் என்று தனி மரியாதையே உண்டு. அந்தத் தங்கை இல்லாமல் சடங்கு நகராது. அதே தங்கையைச் சில வருஷம் கழித்துக் காரில் ஏற்றிப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப் போவார்கள். பூமியில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று கையெழுத்து வாங்குவார்கள். ஒரு பட்டுச் சேலை எடுத்துக் கொடுத்து, ஓட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். சட்டம் பங்கு உண்டு என்கிறது. பிறந்த வீட்டுச் சீர் வேண்டுமானால் கையெழுத்துப் போடு என்கிறது ஊர். என் அத்தைமார் எல்லோரும் போட்டவர்கள். நாங்கள் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்ட இதை அவர் நாவலாக எழுதினார். கடைசி அத்தியாயத்தில் அவருடைய நாயகி, பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்து, நகரத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிடுகிறாள்.

கைப்பிரதியை நான்தான் முதலில் படித்தேன். கடைசி அத்தியாயம் பொய் என்று சொன்னேன்.

"ஏன் பொய்யி?"

"எந்திரிச்சு வந்துட்டா அப்பறம் அவ பொறந்த ஊட்டு வாசப்படி மிதிக்க முடியுமாங்க்கா? அவ புள்ளைக்குத் தாய்மாமன் சீரு யாரு கொண்டாருவா? இத்தன பக்கம் நெசத்த எழுதிப்போட்டுக் கடைசில சினிமா காட்டிட்டீங்க. எங்க ஊர்ப் பொம்பள எந்திரிக்க மாட்டாங்க்கா."

"எந்திரிப்பாங்க."

"எப்பிடிச் சொல்றீங்க?"

"எனக்குத் தெரியும்." அவ்வளவுதான் சொன்னார். பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். மாதக்கணக்கில் சண்டை போட்டோம். யாழ்ப்பாணத்து அக்கா நடுவில் உட்கார்ந்து எங்கள் இருவருக்கும் டீ சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு வரியைக்கூட அவர் மாற்றவில்லை.

நாவல் வெளிவந்ததும் கணவர் வீட்டுச் சொந்தங்கள் இரண்டு கார்களில் வந்து இறங்கின. அன்று நானும் அங்கே இருந்தேன். கணவர் ஒரு மூலையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம ஊட்டு விசயத்த இப்பிடிச் சந்தியில போட்டுட்டீங்களே அம்மணி" என்றார் வந்தவர்களில் மூத்தவர்.

"அதுல உங்க பேரு போட்டிருக்குதுங்களா? ஊரு போட்டிருக்குதுங்களா? அப்பறம் எப்பிடி உங்களுக்கு மட்டும் ஒறைக்குது?"

"அப்பிடியில்லீங்க. வந்தவிய வந்தவியளாட்டம் இருந்துக்கோணும்ல்லீங்க."

இவர் சிரித்தார். "எந்த மருமவளுங்க இந்த ஊட்டுல பொறந்தது? உங்க அம்மா வந்தவியதான், உங்க சம்சாரம் வந்தவியதான். நான் சித்த தூரத்துல இருந்து வந்தேன். அம்புட்டுத்தான்."

காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். போகும்போது காபி நல்லா இருக்குதுங்க என்றார்கள். அந்தக் காபியில் சர்க்கரை இல்லை என்பதை நானும் குடித்துப் பார்த்ததால் சொல்கிறேன்.

ஆனால் அவர் காத்திருந்தது அந்தப் பெரியவர்களின் கோபத்துக்கு அல்ல. விமர்சனத்துக்கும் அல்ல. விமர்சனங்கள் வழக்கம்போல் அவருடைய தமிழைப் புகழ்ந்துவிட்டு ஓய்ந்தன. அவர் காத்திருந்தது ஒரே ஒரு வாசகிக்காக. முதல் பிரதியை நாத்தனாரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், புத்தகம் சாமி அறையில் இருக்கிறது. அட்டையில் மஞ்சள், குங்குமம். மேலே ஒரு செம்பருத்திப் பூ. சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்கவில்லை.

"நம்ம நங்கையா எழுதுன பொஸ்தகமுங்களே, கண்ட எடத்துல வெக்க முடியுங்களா?" என்றாராம் நாத்தனார்.

அதை பேக்கரியில் எங்களிடம் சொல்லும்போது பாதி சிரித்தார், பாதியில் குரல் உடைந்துவிட்டது. "என்னையச் சாமியாக்கிப்போட்டா. சாமிகிட்ட யாரு சண்ட போடுவாங்க?" அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, அடுத்த வாரத்துக்கு எங்கிட்ட இன்னொரு கதை இருக்குது. கிழிக்கறதுக்கு ரெடியா வாங்க" என்றார்.

நோய் வந்தபோதும் ஆள் மாறவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு இளம் மருத்துவர், "மேடம், உங்க தமிழ் என்ன அழகு!" என்று வியந்து நின்றார். "தமிழுக்கு ஒண்ணும் இல்லீங்க தம்பி. வயித்தப் பாருங்க" என்றார். நான் கடைசியாகப் பார்த்தபோது குரல் மெலிந்திருந்தது.

"கடைசி அத்தியாயம் இன்னும் பொய்தானா?"

"பொய்தானுங்க்கா."

"நல்லது. நான் செத்துப்போனேன்னு அதய மாத்திக்காதீங்க. எல்லாருஞ் சேந்து என்னைய நல்லவளாக்கிருவாங்க. நீங்களாச்சும் என்னோட சண்ட போடுங்க."

அதனால்தான் அந்த இரங்கல் கூட்டத்தில் அப்படிப் பேசினேன். அதே நூலக மாடி. அதே தலைவர். படத்துக்கு மாலை போட்டு, அதன்மேல் ஒரு பொன்னாடையையும் போர்த்தியிருந்தார்கள். செத்த பிறகும் விடவில்லை. கணவர் முன்வரிசையில் இருந்தார். நாத்தனார் பின்னால் எங்கோ ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பேசியவர்கள் எல்லோரும் தமிழை நேசித்த அயல்நாட்டுப் பெண்மணி என்றார்கள். ஒருவர் வாழைப்பழத்தை நினைவுகூர்ந்தார். பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா என் முழங்கையை இடித்து, "மேடைக்குப் போம்" என்றார்.

போனேன். முதலில் படத்திலிருந்த பொன்னாடையை எடுத்து மடித்து நாற்காலி முதுகில் போட்டேன். அப்புறம் நாவலைப் பற்றிப் பேசினேன். அதில் எது எது நன்றாக இருக்கிறது, எது எது இல்லை என்று சொன்னேன். கடைசி அத்தியாயத்துக்கு வந்தேன். அந்தத் தங்கை கையெழுத்துப் போடாமல் எழுந்து வருவது பொய், அவர் உயிரோடு இருந்தபோதும் இதைச் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன், எங்கள் மண்ணில் எந்தப் பெண்ணும் அப்படி எழுந்ததில்லை என்றேன். தலைவர் தொண்டையைச் செருமினார். என்னை இறக்கிவிட யாரை அனுப்பலாம் என்று அவர் தேடுவது தெரிந்தது.

"ஏனுங்க அம்மணி."

பின்னாலிருந்து குரல் வந்தது. நாத்தனார் எழுந்து நின்றிருந்தார். கையில் அந்தப் புத்தகம். அட்டையில் மஞ்சள் கை பட்ட கறைகள் இருந்தன. பிளாஸ்டிக் உறையைக் காணோம். நடுவில் பல பக்கங்கள் மடிந்து கிடந்தன.

"அது பொய்யின்னு உங்களுக்கு யாருங்க சொன்னாங்க?"

நான் ஒலிவாங்கியிலிருந்து விலகி நின்றேன்.

"நான் எந்திரிச்சேனுங்க. பேனாவ வெச்சுப்போட்டு வாசல் வரைக்கும் வந்துட்டேன். நங்கையாதான் அன்னைக்கு என்ற கூட வந்தவிய. நான் எதுக்கு எந்திரிச்சேன்னு அவியளுக்கு மட்டுந்தான் தெரியும். வாசல்ல நின்னு திரும்பிப் பாத்தேன். எங்கண்ணன் மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு உக்காந்திருந்தாரு. எனக்கு மனசு கேக்கலீங்க. திரும்பப் போயிப் போட்டுட்டு வந்துட்டேன்." முன்வரிசையில் கணவர் தலையைத் தூக்கவே இல்லை. "அவிய செத்தப்பறந்தான் இந்தப் பொஸ்தகத்தப் பிரிச்சுப் படிச்சேன். நான் நின்னு போன எடத்துல இருந்து அவிய என்னைய நடக்க உட்டிருக்காங்க. அது பொய்யில்லீங்க."

ஆனால் அவர் உட்காரவில்லை. புத்தகத்தைப் புரட்டி மடித்த ஒரு பக்கத்தை எடுத்தார்.

"ஆனா ஒரு கொற இருக்குதுங்க. சொல்லோணும். சொல்லாம உட்டா நங்கையாவுக்குப் புடிக்காது. அந்தப் புள்ள வெளிய வந்து டவுனு பஸ்ஸேறிப் போறான்னு எழுதீருக்காங்க. அது தப்புங்க." அவர் அண்ணனைப் பார்த்தார். "நான் எதுக்குங்க டவுனுக்குப் போறேன்? நேரா தோப்புக்குத்தான் போயிருப்பேன். என்ற பங்கு அங்கதான இருக்குது."

தலைவர் நன்றியுரை சொல்ல ஆளைத் தேடினார். யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்து அக்காதான், "இல்லை, பஸ் ஏறினது சரிதான்" என்று முதலில் ஆரம்பித்தார். நான் மறுத்தேன். நாத்தனார் எங்கள் இருவரையும் மறுத்தார். அந்த நாவலைப் பற்றிய முதல் கூட்டம் அன்றைக்குத்தான் நடந்தது.